கல்லின் முதுகில் உள்ள பெயர்: ஜப்பானியப் பௌத்தத் தோட்டங்களும் ஆற்றங்கரை மக்களும்

(பண்டிதர் அயோத்திதாசர் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பண்டிதர் பெயரால் நடக்கும் சொற்பொழிவில் ஜப்பானியக் கோயில் தோட்டங்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இதற்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். 1898இல் இலங்கை சென்று பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பிய பண்டிதர், சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழை ஆரம்பித்தார். அந்த இதழில் அவர் திரும்பத் திரும்பச் செய்த வேலை ஒன்று உண்டு. ஒரு சொல்லை, ஒரு பண்டிகையை, ஒரு வழக்கத்தைக் கையில் எடுப்பார். இது யாருடையது, யார் கைக்கு மாறியது, மாறும்போது எது மறைக்கப்பட்டது என்று கேட்பார். கியோட்டோவுக்கும் நாராவுக்கும் நாங்கள் கொண்டுபோனது அந்தக் கேள்வியைத்தான். பௌத்தம் ஒடுக்கப்பட்டோரின் விடுதலை நெறி என்று நம்புகிறவர்கள் நாம். பௌத்தம் ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக நிலைத்திருக்கும் ஒரு நாட்டில் ஒடுக்கப்பட்டோருக்கு என்ன நடந்தது என்பதையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

1. பதினைந்து கற்கள்

கியோட்டோவின் வடமேற்கில் ரியோவான்ஜி என்ற ஜென் கோயில் இருக்கிறது. அதன் தோட்டத்தில் மரமோ பூவோ குளமோ இல்லை. ஏறத்தாழ 25 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உள்ள ஒரு முற்றம். அதில் வரிவரியாகச் சீவிய வெள்ளைச் சரளை. சரளையின் நடுவே ஐந்து கூட்டங்களாகப் பதினைந்து கற்கள். கல்லின் அடியில் கொஞ்சம் பாசி. இரண்டு பக்கம் மண்சுவர். அவ்வளவுதான். திண்ணையில் எங்கே உட்கார்ந்து எண்ணினாலும் ஒரு கல்லாவது இன்னொன்றின் பின்னால் மறைந்துவிடும். உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் வந்து அந்தத் திண்ணையில் மௌனமாக உட்கார்ந்திருக்கிறார்கள். நாங்களும் உட்கார்ந்தோம். மனம் அடங்கியது உண்மை.

இந்தத் தோட்டத்துக்கு என்ன பொருள் என்று எழுதப்பட்ட புத்தகங்கள் ஏராளம். கடலில் தீவுகள் என்பார்கள், குட்டிகளோடு ஆற்றைக் கடக்கும் புலி என்பார்கள், சூனியம் என்பார்கள். யார் செய்தார்கள் என்பதில் மட்டும் இன்றுவரை முடிவு இல்லை. கோயில் 1450இல் நிறுவப்பட்டது. 1467 முதல் 1477 வரை நடந்த ஓனின் போரில் எரிந்தது. பிறகு மீண்டும் கட்டப்பட்டது. தோட்டத்தை ஒரு பெரிய ஓவியரின் பெயரோடு சேர்த்துச் சொல்லும் மரபு உண்டு, சான்று இல்லை.

சான்று என்று சொல்ல அங்கே இருப்பது ஒன்றுதான். சுவரோரம் உள்ள ஒரு கல்லின் முதுகில் இரண்டு பெயர்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. ஒன்று கொதாரோ. இன்னொன்றின் முதலெழுத்து தேய்ந்துவிட்டது, 'ஜிரோ' என்று முடிகிறது. குடும்பப் பெயர் இல்லாத, வெறும் அழைப்புப் பெயர்கள். இவர்கள் 'கவாராமோனோ' என்று அழைக்கப்பட்ட மக்களைச் சேர்ந்த தோட்டக்காரர்களாக இருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. திண்ணையில் உட்காருகிறவர் கண்ணுக்கு அந்தப் பெயர்கள் தெரியாது. கல்லின் முகம் நம்மைப் பார்க்கிறது, பெயர் சுவரைப் பார்க்கிறது.

2. ஆற்றங்கரையில் இருந்தவர்கள்

'கவாரா' என்றால் ஆற்றுப் படுகை. 'மோனோ' என்றால் ஆள். கவாராமோனோ என்றால் ஆற்றங்கரை ஆள். கியோட்டோவின் கிழக்குப் பகுதியில் வடக்கிலிருந்து தெற்காகக் காமோ ஆறு ஓடுகிறது. இன்று அதன் கரையில் மாணவர்கள் உட்கார்ந்து கதை பேசுகிறார்கள். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் அது வெள்ளம் வந்தால் மூழ்கும் நிலம். அதனாலேயே வரி கிடையாது. ஊருக்குள் இடமில்லாதவர்கள் அங்கே குடியிருந்தார்கள். செத்த மாட்டையும் குதிரையையும் இழுத்துச்சென்று தோலுரிப்பது, தோலை அலசிப் பதனிடுவது, பிணங்களை அகற்றுவது, தண்டனையை நிறைவேற்றுவது, தெருவைத் துப்புரவு செய்வது, கிணறு வெட்டுவது என்பவை அவர்கள் தலையில் சுமத்தப்பட்ட வேலைகள். தோல் பதனிடத் தண்ணீரும் வெட்டவெளியும் வேண்டும், ஆற்றங்கரையில் இரண்டும் இருந்தன. அது எந்த இடம் என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. சேரி ஊரின் எந்தத் திசையில் இருக்கும் என்று தெரிந்தவர்கள்தானே நாம்.

தீட்டுக்கு ஜப்பானியச் சொல் 'கெகாரே'. பத்தாம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட 'எங்கிஷிகி' என்ற அரசச் சட்டத் தொகுப்பு தீட்டுக்குக் கணக்கே வைத்திருக்கிறது. மனிதச் சாவுக்கு 30 நாள், பிள்ளைப்பேறுக்கு 7 நாள், வளர்ப்பு விலங்கின் சாவுக்கு 5 நாள். அதே தொகுப்பு, காமோ ஆலயத்தின் தெற்கே விலங்கு அறுப்பவர்கள் குடியிருக்கக் கூடாது என்றும் சொல்கிறது. ஆலயத்துக்குத் தெற்கே இருப்பது ஆற்றங்கரை.

இந்தத் தீட்டுக் கருத்தோடு பௌத்தத்தின் கொல்லாமை வந்து சேர்ந்தது. 675இல் தென்மு பேரரசர் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றின் இறைச்சியைத் தடைசெய்து ஆணையிட்டார். நல்ல அறம்தான். ஆனால் அந்த அறத்தின் பாரம் யார்மீது இறங்கியது? போர்க்களத்தில் மனிதரை வெட்டிய வீரனுக்குத் தீட்டு நிலைக்கவில்லை. அவன் கவசத்துக்கும் சேணத்துக்கும் தோல் தந்தவனுக்குத் தலைமுறை தலைமுறையாக ஒட்டிக்கொண்டது. கொல்லாமை, கொன்றவனை விட்டுவிட்டுச் செத்ததைத் தூக்கியவனைக் குற்றவாளியாக்கியது. இந்த இடத்தை மாணவ நண்பர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

3. பாட்டனும் பேரனும்

தோட்டம் போடும் வேலை இவர்கள் கைக்கு எப்படி வந்தது? பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்த 'சகுதெய்கி' என்ற தோட்டக்கலை நூல் கற்களைப் பற்றி நிறைய எச்சரிக்கிறது. இயற்கையில் நிமிர்ந்து நின்ற கல்லைப் படுக்கவைத்தால், படுத்திருந்ததை நிமிர்த்தினால் கேடு வரும் என்கிறது. மண்ணைத் தோண்டுவது, பாறையைப் பெயர்ப்பது, மரத்தைப் பிடுங்குவது எல்லாம் ஆபத்தான வேலைகளாக அஞ்சப்பட்டன. ஆபத்தானதும் தீட்டானதும் யாரிடம் போகும் என்பது நமக்குத் தெரியும். முதலில் பிரபுக்களும் துறவிகளும் நின்று சொல்ல, ஆற்றங்கரை மக்கள் சுமந்தார்கள். சுமந்தவர்களுக்குக் கல்லின் குணம் பிடிபட்டது. எந்தக் கல்லை எவ்வளவு ஆழம் புதைத்தால் அது மண்ணில் முளைத்ததுபோல் நிற்கும், தண்ணீரை எங்கே திருப்பினால் ஓசை வரும், எந்த மரம் இடம் மாற்றினால் பிழைக்கும் என்று கற்றுக்கொண்டார்கள். பதினைந்தாம் நூற்றாண்டில் கூலியாட்கள் என்ற நிலையைத் தாண்டித் தோட்டத்தை வகுப்பவர்களானார்கள்.

அவர்களில் பெரியவர் ஸென்னமி. ஆட்சியிலிருந்த ஷோகன் அஷிகாகா யோஷிமாசா இவரைத் தேடி வேலை கொடுத்தார். ஸென்னமி நோயுற்றபோது ஷோகன் மருந்து அனுப்பிய செய்தி, சொகொகுஜி கோயில் துறவிகளின் நாட்குறிப்பில் இருக்கிறது. தீண்டத்தகாதவருக்கு நாட்டை ஆள்பவர் மருந்து அனுப்புகிறார்! நாராவில் கொஃபுகுஜி கோயிலைச் சேர்ந்த தைஜோஇன் மடத்தின் தோட்டத்தை 1460களில் இவர்தான் சீரமைத்தார். குளமும் தீவும் சிவப்புப் பாலமுமாக அது இன்று மீட்டெடுக்கப்பட்டிருக்கிறது. ஸென்னமி 1482இல் தம் 97ஆம் வயதில் இறந்தார். அதே ஆண்டு யோஷிமாசா கியோட்டோவின் கிழக்கு மலையடிவாரத்தில் ஒரு மாளிகையைத் தொடங்கினார். அவர் 1490இல் இறந்ததும் அது கோயிலானது. வெள்ளி மண்டபம் என்று இன்று எல்லோரும் போய்ப் பார்க்கும் கின்காகுஜி அதுதான். அந்தத் தோட்ட வேலையில் ஸென்னமியின் பேரன் மதஷிரோவுக்குப் பங்கிருந்ததாகக் கருதப்படுகிறது. பின்னாளில் தோட்டம் பலமுறை மாற்றப்பட்டுவிட்டது. எந்தக் கல் அவர் வைத்தது என்று இன்று யாரும் காட்ட முடியாது.

ஆனால் மதஷிரோ பேசியது தப்பியிருக்கிறது. 1489இல் கெய்ஜோ ஷூரின் என்ற ஜென் துறவி அதை மதிப்போடு எழுதிவைத்தார். மதஷிரோ சொன்னதன் சாரம் இது: விலங்கு அறுப்போர் குடியில் பிறந்ததை நினைத்து நான் வருந்துகிறேன், ஆகவே எந்த உயிரையும் கொல்வதில்லை என்று உறுதி பூண்டிருக்கிறேன், பொருளுக்கும் ஆசைப்படுவதில்லை.

இதை முதன்முதலில் அறிந்தபோது எங்களால் வெகுநேரம் பேச முடியவில்லை. கோயிலுக்குள் இருந்த துறவிகளை விட இந்தத் தோட்டக்காரர் புத்தரின் சீலங்களை நேர்மையாகக் கடைப்பிடித்திருக்கிறார். அப்படிக் கடைப்பிடித்த மனிதருக்கு அந்தத் தம்மம் கொடுத்தது என்ன? தன் பிறப்பைப் பற்றிய வருத்தத்தை. பிறந்த குடியைக் குற்றமாக நினைக்க வைக்கும் சீலம் பாதிச் சீலம்தான். மறுபாதி அந்தக் குற்றத்தைச் சுமத்தியவரைக் கேள்வி கேட்பது. அதை மதஷிரோவுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

4. இங்கிருந்து போன சொல்

இதில் நமக்கு நேரடிப் பங்கு ஒன்று உண்டு. நாராவில் தைஜோஇன் தோட்டத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் தோதாய்ஜி கோயில். அங்கே 15 மீட்டர் உயரத்தில் வெண்கலப் புத்தர் அமர்ந்திருக்கிறார். 752இல் அந்தச் சிலைக்குக் கண் திறந்த சடங்கைச் செய்தவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி. ஜப்பானியப் பதிவுகள் அவரைத் தென்னிந்தியர் என்கின்றன. அவர் வரலாற்றில் நிலைத்த பட்டம் 'பரமோன் சோஜோ', அதாவது பிராமணத் தலைமைத் துறவி. துறவு பூண்டு கடல் கடந்து போன பிறகும் சாதி அடையாளம் பட்டமாகக் கூடவே போயிருக்கிறது.

போதிதர்மர் காஞ்சிபுரத்திலிருந்து சீனம் போனார், ஜென் நம்மிடமிருந்து போனது என்று தமிழ்நாட்டில் பெருமை பேசுகிறோம். இங்கிருந்து இன்னொன்றும் போனது. 'சண்டாளன்' என்ற சொல். பௌத்த நூல்கள் சீனத்தில் மொழிபெயர்க்கப்பட்டபோது அது ஒலிபெயர்ப்பாக நுழைந்தது. ஜப்பானில் 'செந்தாரா' ஆனது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் எழுதப்பட்ட 'சிரிபுகுரோ' என்ற அகராதி நூல், ஜப்பானில் தீண்டத்தகாதோரைக் குறித்த 'எதா' என்ற சொல்லை விளக்கும்போது இந்தியாவின் செந்தாராவை எடுத்துக்காட்டுகிறது. அங்கே இருந்த தீட்டுக்கு இங்கிருந்து போன சொல் சாத்திர ஆதாரமாயிற்று.

அமிதாபர் வழிபாட்டு மரபில் ஓதப்படும் அமிதாயுர் தியான சூத்திரத்தில் ஒரு காட்சி வருகிறது. தந்தையைச் சிறையிட்ட அஜாதசத்ரு தாயைக் கொல்ல வாளை உருவுகிறான். அமைச்சர்கள் தடுக்கிறார்கள். தந்தையைக் கொன்ற அரசர்கள் பலர் உண்டு, தாயைக் கொன்றவர் இல்லை, இது சத்திரிய குலத்துக்கு இழுக்கு, இது சண்டாளர் செயல் என்கிறார்கள். வாளை உருவியவன் அரசன், பழி சண்டாளனுக்கு. புராகு மக்கள் எனப்படும் ஜப்பானின் ஒடுக்கப்பட்டோரில் பெரும்பான்மையினர் இந்தச் சூத்திரத்தை ஓதும் ஜோதோ ஷின்ஷூ பிரிவினர். தங்களை இழிவுசெய்யும் வரியைத் தங்கள் வீட்டுச் சாவிலேயே கேட்க வேண்டியிருக்கிறது. இதற்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று அவர்கள் தங்கள் மடத்தைப் பல பத்தாண்டுகளாகக் கேட்டுவருகிறார்கள்.

மாற்றுக் குரல்களும் இருந்தன. 1222இல் கடலோரத்தில் பிறந்த நிச்சிரென், தான் கடற்கரைச் செந்தாராவின் மகன் என்று தன் கடிதங்களில் தானே எழுதினார். ஜோதோ ஷின்ஷூவைத் தோற்றுவித்த ஷின்ரான் (1173-1263), வேட்டையாடுவோரையும் விற்றுப் பிழைப்போரையும் தள்ளிவைக்காமல், கல்லும் ஓட்டுச்சில்லும் போன்றவர்கள் நாம், நம்மையே அமிதாபரின் அருள் பொன்னாக்கும் என்றார். 'அவர்கள்' என்று சொல்லாமல் 'நாம்' என்று சொன்னார். ஆற்றங்கரை மக்கள் அவர் வழியில் திரண்டதில் வியப்பில்லை.

5. செத்த பிறகும்

ஷின்ரானின் பெயரால் நின்ற மடங்கள் அந்த 'நாம்' என்பதைக் காப்பாற்றவில்லை. பதினேழாம் நூற்றாண்டிலிருந்து ஒவ்வொரு குடும்பமும் ஏதாவது ஒரு கோயிலில் பதிவுசெய்துகொள்ள வேண்டும் என்று அரசு கட்டாயமாக்கியது. கோயில் பதிவேடு சாதிப் பதிவேடாக மாறியது. எதா மக்களுக்குத் தனிக் கோயில்கள் ஒதுக்கப்பட்டன.

ஜப்பானில் இறந்தவருக்குத் துறவி ஒரு புதுப் பெயர் சூட்டுவார். அது கல்லறையிலும் கோயில் ஏட்டிலும் எழுதப்படும். ஒடுக்கப்பட்டோர் இறந்தபோது பல கோயில்களில் 'விலங்கு', 'தோல்', 'இழிந்த' என்னும் பொருள்தரும் எழுத்துகளைச் சேர்த்துப் பெயர் வைத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத உறவினர்கள் அந்தக் கல்லின்முன் கைகூப்பி நின்றார்கள். ரியோவான்ஜி கல்லில் பெயர் மறைந்திருந்தது. இந்தக் கற்களில் பெயரே வசையாக இருந்தது.

1871இல் அரசு இந்தப் பிரிவுகளை ஆணை மூலம் ஒழித்தது. பாகுபாடு ஒழியவில்லை. 1975இல் புராகு குடியிருப்புகளின் பட்டியல் ஒன்று இரகசியமாக விற்கப்படுவதும், வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனங்கள் அதை வாங்கியதும் வெளியே தெரிந்தது. நான்கே ஆண்டுகளில், 1979இல், அமெரிக்காவில் பிரின்ஸ்டனில் நடந்த உலக சமய அமைதி மாநாட்டில் சோதோ ஜென் பிரிவின் தலைமை நிர்வாகி, ஜப்பானில் அப்படி ஒரு பாகுபாடே இல்லை என்று பேசினார். புராகு விடுதலை இயக்கம் விடவில்லை. தொடர்ந்து கேள்வி கேட்டது. கோயில் ஏடுகளும் கல்லறைகளும் ஆராயப்பட்டன, இழிபெயர்கள் வெளிச்சத்துக்கு வந்தன. 1984இல் நைரோபி மாநாட்டில் அதே நிர்வாகி தன் பேச்சைத் திரும்பப் பெற்றார். ஒரு பௌத்தப் பிரிவு தன் தவறை ஏற்றுக்கொண்டது நல்ல செய்தி. அதைத் தியானம் ஏற்கவைக்கவில்லை, போராட்டம்தான் ஏற்கவைத்தது.

6. ஒரு மணி நேர நடை

கின்காகுஜி வாசலிலிருந்து தெற்கே கால்வாயோரம் ஒரு நடைபாதை செல்கிறது. மெய்யியலாளர் பாதை என்பது அதன் பெயர். இருபக்கமும் செர்ரி மரங்கள். அது முடியும் இடத்துக்கு அருகில் நான்ஜென்ஜி கோயில். அங்கிருந்து மேற்கே திரும்பினால் ஒகசாகி. நிதானமாக நடந்தாலும் மொத்தம் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஒகசாகியில் நகர மண்டபம் இருந்த இடத்தில் ஒரு நினைவுக்கல் நிற்கிறது. 1922 மார்ச் 3 அன்று அங்கேதான் 'ஸுய்ஹெய்ஷா' தொடங்கப்பட்டது. ஸுய்ஹெய் என்றால் தண்ணீரின் மட்டம்போல் சமம். ஜப்பானின் தீண்டப்படாத மக்கள் தாங்களே கூடி, தங்கள் பெயரால் தொடங்கிய முதல் நாடு தழுவிய இயக்கம் அது.

அதன் பிரகடனத்தை எழுதியதில் முதன்மையானவர் சாய்கோ மன்கிச்சி. நாரா பகுதியில் புராகு மக்களின் பௌத்தக் கோயில் ஒன்றில், துறவிக் குடும்பத்தில் 1895இல் பிறந்தவர். இயக்கத்தின் கொடி கருப்பு, நடுவே சிவப்பில் முள்முடி. பிரகடனம் பிறரிடம் இரக்கம் கேட்கவில்லை. எதாவாக இருப்பதில் பெருமைகொள்ளும் காலம் வந்துவிட்டது என்று அறிவித்தது. இயக்கம் முதலில் செய்த காரியங்களில் ஒன்று, தங்கள் மக்களிடம் இருபது ஆண்டுகளுக்கு நன்கொடை கேட்டு வரக்கூடாது என்று கிழக்கு, மேற்கு ஹோங்கன்ஜி மடங்களிடம் சொன்னது. ஏழைகளின் காசில் மடம் நிமிர்ந்து நிற்கலாம், ஏழைகள் மட்டும் குனிந்து நிற்க வேண்டுமா என்பது அதற்குள் இருந்த கேள்வி.

1489இல் மதஷிரோ தன் பிறப்பை எண்ணி வருந்தினார். 1922இல் அதே கிழக்கு மலையடிவாரத்தில் அவர் வழிவந்த மக்கள் பிறப்பைப் பெருமையாக அறிவித்தார்கள். இரண்டுக்கும் நடுவே 433 ஆண்டுகள். கியோட்டோவுக்குப் போகிற நம் மாணவர்கள் கின்காகுஜியோடு திரும்பிவிடாமல் ஒகசாகி வரை நடக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

அந்த நடை நம்மிடம் வந்தும் சேர்கிறது. புராகு விடுதலைக் கழகத்தின் முயற்சியில் 1988இல் தொடங்கப்பட்ட பன்னாட்டுப் பாகுபாட்டு எதிர்ப்பு இயக்கம், ஐக்கிய நாடுகள் அவையில் தலித்துகளின் பிரச்சினையையும் சேர்த்தே எழுப்பிவருகிறது. 2002இல் இனப்பாகுபாட்டு ஒழிப்புக் குழு, வம்சாவழியால் வரும் பாகுபாட்டைக் கண்டித்துத் தன் 29ஆம் பொதுப் பரிந்துரையை வெளியிட்டபோது, அதில் சாதி பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டது. சண்டாளன் என்ற சொல் போன வழியில் தோழமையும் பயணம் செய்கிறது.

7. நாம் எடுத்துக்கொள்வது

சாக்கியர்களாகிய நாம் பௌத்தத்தைக் கைவிடாததால்தான் தாழ்த்தப்பட்டோம் என்று பண்டிதர் வாதிட்டார். 1948இல் அண்ணல் அம்பேத்கரும் தம் ஆய்வில் தீண்டாமையின் வேரை பௌத்த வெறுப்பில் கண்டார். ஜப்பானின் அனுபவம் இதற்கு எதிரானதுபோல் தோன்றும். அங்கே பௌத்தம் வென்றது, தீண்டாமையும் இருந்தது. அப்படியானால் பண்டிதரும் அண்ணலும் தவறா? அப்படி நாங்கள் நினைக்கவில்லை. தோட்டியாக இருந்த சுனீதரைப் புத்தர் சங்கத்தில் சேர்த்தார். அந்தப் புத்தரிடம்தான் அவர்கள் இருவரும் போனார்கள். அரசோடும் தீட்டோடும் சமரசம் செய்துகொண்ட மடங்களிடம் போகவில்லை. 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அண்ணல் திரிசரணத்தோடும் பஞ்சசீலத்தோடும் நிறுத்தாமல் 22 உறுதிமொழிகளைச் சேர்த்தது ஏன் என்று பலர் கேட்கிறார்கள். மதஷிரோவிடம் பஞ்சசீலம் இருந்தது, அந்த உறுதிமொழிகள் இல்லை. இதுதான் எங்கள் பதில். மனிதர் அனைவரும் சமம் என்பதை வெளிப்படையாகச் சொல்லாத சீலம், சாதியின் தோட்டத்தில் இன்னொரு அழகான கல்லாகிவிடும்.

இந்தக் கேள்வி நம் வாசலுக்கும் வர வேண்டும். நம் விகாரைகளில், நம் மன்றங்களில் கூட்டம் முடிந்ததும் யார் பெருக்குகிறார்கள்? கழிவுநீர்க் குழியில் இறங்கிச் சாகும் தோழரின் சாதியை நம்மில் சிலரே எப்படிப் பார்க்கிறோம்? நமக்குள் ஏணி வைத்துக்கொண்டு தியானத்துக்குக் கண் மூடினால், கியோட்டோவின் மடங்கள் செய்ததைத்தான் நாமும் செய்கிறோம்.

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்லி முடிக்கிறோம். எந்தக் கோயிலுக்குப் போனாலும், எந்தக் குளக்கரையில் நின்றாலும், எந்த மிருதங்க ஓசையைக் கேட்டாலும், மண்ணை வெட்டியவர் யார், கல்லைச் சுமந்தவர் யார், தோலைப் பதனிட்டவர் யார் என்று அந்த ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள். கிடைக்கும் பெயர்களைத் தேதியோடு எழுதிவையுங்கள். ரியோவான்ஜியில் இரண்டு பேர் தங்கள் பெயரைத் தாங்களே செதுக்கிவைத்ததால்தான் இன்று அவர்களைப் பற்றிப் பேச முடிகிறது. நம்மவர்கள் பெயரை நாம் எழுதுவோம். யாரும் பார்க்கும்படி, கல்லின் முன்பக்கத்தில் எழுதுவோம்.

ஜெய்பீம்.